ஒருக்காப் பாத்திட்டு வாறன்

கேள்வி: ஐயா, நான் சண்டிலிப்பாயில் இருக்கிற ஓர் ஆசிரியை. அப்பாவுக்கு 72 வயது. தோட்டமும் பத்துப் பரப்பு வயலும் இன்னும் அவர்தான் செய்கிறார். போன ஐப்பசியில் ஒருநாள் பின்னேரம் இடியும் மின்னலுமாக இருந்த நேரம், தோட்டத்தில் விட்டுவிட்டு வந்த வாட்டர் பம்ப் நனைகிறது என்று, "ஒருக்காப் பாத்திட்டு வாறன்" எனச் சொல்லி உரப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். அவர் திரும்பி வரும்வரை அம்மாவும் நானும் விறாந்தையில் நின்று தவித்தோம். கேட்டால், "64ஆம் ஆண்டுப் புயலைக் கண்ட எனக்கு இதென்ன" என்கிறார். வளவில் நாலைந்து பனை நிற்கிறது, இடி விழுந்தால் அதுகள்தான் வாங்கும், வீட்டுக்கு ஒன்றும் வராது என்றும் சொல்கிறார். இந்த ஆடிக் கடைசியில் அக்கா கனடாவிலிருந்து ஆறும் ஒன்பதும் வயதான இரண்டு பிள்ளைகளோடு நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து மார்கழிவரை நிற்கப்போகிறா. வெயில், இடி, வெள்ளம், புயல் என்று ஒவ்வொன்றுக்கும் நாங்கள் என்ன செய்துவைக்க வேண்டும்? மின்னலுக்குப் போனை நிறுத்த வேண்டுமா? இன்னொன்று, அப்பாவுக்குக் குதிக்காலில் வெடிப்பு. ஆனால் செருப்பும் போடமாட்டார்.

பதில்: தங்கச்சி, கடிதத்தை வாசித்ததும் என் கண் நின்ற இடம் அப்பா சொன்ன அந்த வசனம்தான். முப்பது வருசம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக (பி.எச்.ஐ.) வலிகாமம், வடமராட்சி என்று முதலில் சைக்கிளிலும் பிறகு மோட்டார் சைக்கிளிலும் திரிந்தவன் நான். மழையாலோ வெயிலாலோ ஏதும் நடந்துவிட்ட வீட்டுக்குப் போய் விசாரித்தால், கதை அநேகமாக "ஒருக்காப் பாத்திட்டு வாறன்" என்றுதான் தொடங்கும். மாட்டை அவிழ்க்க, கொடியில் கிடந்த உடுப்பை எடுக்க, வள்ளத்தை இழுத்துக் கட்ட, மதவடியில் வெள்ளம் எவ்வளவு என்று பார்க்க. வீட்டுக்குள் இருந்தவரை வானம் தேடி வந்து பிடித்த கதை எனக்கு மிகக் குறைவாகத்தான் கிடைத்தது.

ஆகவே உங்கள் ஆயத்தம் முழுவதையும் ஒரே ஒரு வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வசனத்தைச் சொல்ல அப்பாவுக்கு ஒரு காரணம் இல்லாமல் செய்துவிடவேண்டும். "போகாதேங்கோ" என்று மறித்தால் எழுபது வயது மனிசன் நிற்கமாட்டார். "பம்ப் வீட்டை வந்திட்டுது அப்பா" என்றால் கதிரையில் சாய்ந்துவிடுவார்.

முதலில் இடி மின்னலைப் பார்ப்போம். எங்கள் நாட்டில் இதற்கு இரண்டு பருவம். பங்குனி சித்திரை ஒன்று, ஐப்பசி கார்த்திகை மற்றது. வானொலியில் "பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை" என்று கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது மரத்துப்போய்விட்டது. ஆனால் அதிலேயே ஒரு நேர அட்டவணை இருக்கிறது. காலையில் நன்றாக வெயில் எறித்து, மத்தியானம் காற்று நின்று புழுங்கினால், பின்னேரம் வேலை இருக்கு என்று அர்த்தம். இந்த இரண்டு பருவத்திலும் தோட்ட வேலை மத்தியானத்தோடு முடியட்டும். பம்ப்பும் மண்வெட்டியும் அந்த நேரமே சைக்கிள் கரியரில் ஏறி வீட்டுக்கு வரட்டும். நாளாந்தம் கொண்டுவருவது பாரம் என்றால், தோட்டத்திலேயே இரண்டு வரிசைக் கல் அடுக்கி, மேலே தகரம் போட்டு, பூட்டு வைத்த ஒரு சின்னப் பெட்டி கட்டிவிடுங்கள். அது பம்ப்புக்கு. மனிசர் ஒதுங்க அது உதவாது. தோட்டத்துக் கிடுகுக் கொட்டிலும் அப்படித்தான். மழைக்கு நல்லது, மின்னலுக்கு வெளியில் நிற்பதும் அதற்குள் நிற்பதும் ஒன்று.

தூரத்தை எண்ணிப் பார்க்கலாம். மின்னியதிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். முப்பது எண்ணுவதற்குள் முழங்கிவிட்டால், மழை விழாவிட்டாலும் சுவர் வைத்த வீட்டுக்குள் போய்விடவேண்டும். மழை பெய்யும் இடத்திலிருந்து பத்துக் கிலோமீற்றர் தள்ளியும் மின்னல் இறங்கும். கடைசி முழக்கம் கேட்டு அரை மணித்தியாலம் கழித்துத்தான் வெளிக்கிடலாம். ஆக்கள் பிழைவிடுவது இந்த அரை மணித்தியாலத்தில்தான். மழை விட்டுவிட்டது, வானம் வெளிக்கிறது, "ஒருக்கா..." என்று படலையைத் திறக்கிற நேரம் அது.

பனை விசயத்தில் அப்பா சொல்வது பாதிதான் சரி. உயரமானதில் இறங்கும் என்பது உண்மை. ஆனால் பனை அதை வாங்கி வைத்துக்கொள்வதில்லை. மரத்தின் வழியே வருகிற மின்சாரம் பக்கத்தில் நிற்கிற ஆளுக்கோ சுவருக்கோ பாயும், அல்லது வேரடியில் இறங்கி நிலத்தின் மேற்பரப்பில் பரவும். மரத்தடியில் கட்டின மாடு செத்துக் கிடந்து, அதே மரம் பிறகு துளிர்ப்பதைக் கண்டிருப்பீர்கள். மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையில் தூரம் கூட. ஒரு காலால் ஏறி மறுகாலால் இறங்கும்போது மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகிறது. வெட்ட வெளியில் ஒதுங்க இடமே இல்லாமல் மாட்டுப்பட்டால் இரண்டு காலையும் சேர்த்துக் குந்தி இருக்கச் சொல்வது இதனால்தான். நீட்டி நிமிர்ந்து படுக்கக் கூடாது. (எங்கள் ஊர் மொட்டைப் பனைகளைக் கண்டு எல்லாம் இடி விழுந்தது என்று அக்காவின் பிள்ளைகள் நினைக்கப்போகிறார்கள். ஷெல் விழுந்ததும் இருக்கிறது என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்.)

போன் மின்னலை இழுக்காது. கையில் வைத்துக் கதைக்கலாம். சார்ஜரில் செருகியபடி கதைக்கக் கூடாது, ஆபத்து அந்த வயரில்தான் இருக்கிறது. ரி.வி., ரவுட்டர், அன்ரனா வயர் எல்லாவற்றையும் முழக்கம் தொடங்க முன்னமே கழற்றுங்கள். தொடங்கிய பிறகு கழற்றப் போவதும் ஒருவகை "ஒருக்காப் பாத்திட்டு வாறன்"தான். அந்த நேரத்தில் கிணத்தடிக் குளிப்பு, இரும்பு வாளி, சங்கிலி, குழாய்த் தண்ணி ஒன்றும் வேண்டாம். ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் பாதுகாப்பில்லை. கண்ணாடி ஏற்றிய வான், பஸ், கார் பரவாயில்லை. அம்மா "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லுவா என்றால் சொல்லட்டும், உள்ளே இருந்து சொல்லட்டும்.

மின்னல் அடித்தவரைத் தொட்டால் எங்களுக்கும் அடிக்கும் என்று நின்று பார்க்கிற பழக்கம் இங்கே இருக்கிறது. அது பிழை. அவர் உடம்பில் மின்சாரம் தங்காது. மூச்சில்லை என்றால் உடனே நடு நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து, நிமிசத்துக்கு நூறு நூற்றிருபது தரம், இரண்டு அங்குலம் பதிய அமத்துங்கள். இன்னொருவர் 1990க்கு எடுக்கட்டும். அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். மின்னலால் நின்ற இதயம் இப்படி அமத்தித் திரும்ப ஓடத் தொடங்குவது உண்டு. கைவிடக் கூடாது.

சரி, வெள்ளம். இதில் எனக்கு ஒரு சொந்தக் கதை இருக்கிறது. 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த மழை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். இரண்டாம் நாள் மழை கொஞ்சம் ஓய்ந்தது. கிணறுகளின் நிலையைப் பார்ப்போம் என்று வெளிக்கிட்டேன். மனிசி "எங்கை?" என்று கேட்டதற்கு நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒழுங்கை எது, தோட்டம் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே கலங்கல் தண்ணி. முழங்காலுக்கு மேலே. கையில் ஒரு பூவரசந் தடி. நேராக நடந்துகொண்டிருந்தவன், ஏனோ ஒரு தரம் தடியை முன்னால் ஊன்றினேன். தடி போனது, போய்க்கொண்டே இருந்தது. கை தோள்வரை தண்ணிக்குள் போன பிறகுதான் விளங்கியது, ஓரடிக்கு முன்னால் கட்டில்லாத ஒரு தோட்டக் கிணறு. ஒரு குமிழிகூட இல்லை, மேலே ஒரு பப்பாசி இலை மிதந்துகொண்டிருந்தது. அன்றைக்கு நான் எந்தக் கிணற்றையும் பார்க்காமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

யாழ்ப்பாண வெள்ளத்தின் தனி ஆபத்து இதுதான். எங்களுக்கு வருசம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. உங்கள் பக்கத்து வழுக்கையாறுகூட மாரிக்கு மட்டும் உயிர்பெற்று அராலிப் பக்கம் கடலுக்குப் போகிறது. ஆனால் தோட்டத்துக்குத் தோட்டம் கிணறும் துரவும் இருக்கிறது, பாதிக்குக் கட்டில்லை. ஆகவே மழைக்கு முன், புரட்டாதியிலேயே, உங்கள் தோட்டக் கிணற்றையும் அயலட்டைக் கிணறுகளையும் சுற்றி நாலு மூலையிலும் ஆள் உயரத் தடி நட்டு, சிவப்புச் சீலைத் துண்டு கட்டிவிடுங்கள். செலவு ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கு ஒரே ஒரு சட்டம்: நிலம் தெரியாத தண்ணிக்குள் கால் வைக்கக் கூடாது. ஓடுகிற தண்ணி அரை அடி என்றாலே பெரியவரைச் சரிக்கும். ஒரு அடி சின்னக் காரை மிதக்கவைக்கும். மதவுக்கு மேலால் தண்ணி பாய்ந்தால் சுற்றிப்போகிற வழி எவ்வளவு தூரம் என்றாலும் சுற்றித்தான் போகவேண்டும்.

வீட்டுக்குள் தண்ணி ஏறும் போலிருந்தால், கால் நனைய முன்னமே மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். அறுந்து கிடக்கிற வயருக்குக் கிட்டப் போகாமல் மின்சார சேவைக்கு 1987இல் அறிவியுங்கள். ஜெனரேற்றரை விறாந்தையிலோ குசினியிலோ வைத்து ஓட்டக் கூடாது. அந்தப் புகைக்கு மணமில்லாத நஞ்சு ஒன்று உண்டு, நித்திரையிலேயே ஆளை முடித்துவிடும். பாம்புகளுக்கும் அப்போது வீடில்லை. எங்கள் வீட்டுக்குத்தான் வரும். நிலத்தில் பாய் போட்டுப் படுக்காமல் கட்டிலில், நுளம்பு வலையின் ஓரத்தை மெத்தைக்குக் கீழே செருகிப் படுங்கள். புடையனோ (கண்ணாடி விரியன்) கட்டுவிரியனோ கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது ஒன்றும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து நேரே ஆஸ்பத்திரிக்கு. கட்டுவிரியன் கடி அநேகமாக நோகாது, தடமும் தெரியாமலிருக்கும். விடியப்புறம் கண் இமை தூக்க ஏலாமல் வந்தால் அதைச் சந்தேகிக்கவேண்டும்.

வெள்ளம் வடிந்த பிறகுதான் என் தொழிலுக்கு வேலை தொடங்கும். எங்கள் நிலம் சுண்ணக்கல். மலசலகூடக் குழியில் இருப்பது கிணற்றுக்கு வர நெடுநேரம் எடுக்காது. தண்ணி தெளிந்து கண்ணாடி போல இருந்தாலும் குடிக்க வேண்டாம். நன்றாகக் கொதித்து, பொங்கி ஒரு நிமிசமாவது நின்ற தண்ணியைத்தான் குடிக்கவேண்டும். குளோரின் தூளைக் கையளவில் அள்ளிக் கொட்டுகிற வீடுகளைக் கண்டிருக்கிறேன். அளவு கிணற்றின் விட்டத்தையும் தண்ணியின் ஆழத்தையும் பொறுத்தது. உங்கள் பி.எச்.ஐ.யைக் கூப்பிடுங்கள், அளந்து போடுவார். இன்னொன்றும் சொல்லவேண்டும். ஊத்தையை இறைக்கிறோம் என்று பெரிய மோட்டரைப் போட்டு நாள்முழுக்க இறைக்காதீர்கள். எங்களுக்கு நல்ல தண்ணி உவர்த் தண்ணிக்கு மேலே மிதந்துகொண்டுதான் இருக்கிறது. கடல் கிட்டிய பக்கங்களில் கூட இறைத்தால் கீழே இருப்பது ஏறிவிடும், பிறகு கிணறு வருசக்கணக்கில் உவர்க்கும்.

புயலைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. நிஷா 2008 நவம்பர், புரெவி 2020 டிசம்பர், ஃபெங்கல் 2024 நவம்பர், டித்வா 2025 நவம்பர். மாதங்களைப் பாருங்கள், அக்கா நிற்கிற காலம்தான். எங்களுக்கு இவற்றால் காற்றைவிட வெள்ளமே பெரிதாக வந்தது. டித்வா மலையகத்தில் செய்ததை எல்லோரும் அறிவோம். எச்சரிக்கை வந்ததும் மரக்கொப்பு, கழன்ற தகரம், தண்ணித் தாங்கி மூடி, தேசிக்காய்ச் சாடி எல்லாவற்றையும் பகலிலேயே ஒழுங்கு செய்துவிடுங்கள். காற்றில் பறக்கிற தகரம் கத்தி மாதிரி. புயலின் நடு மையம் மேலே வந்தால் திடீரென்று காற்று நின்று அமைதியாகும். சிலவேளை நட்சத்திரமும் தெரியும். எல்லோரும் வெளியே வருவார்கள். பிறகு எதிர்ப் பக்கத்திலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைக் கண்டவர் அப்பா. ஆனால் அப்போது அவருக்குப் பத்து வயது. வெளியே "பாத்திட்டு" வந்தது அவருடைய அப்பாவாக இருந்திருக்கும். பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள், கோபிக்காமல் சிரித்தாலும் சிரிப்பார்.

வீட்டில் ஒரு பிளாஸ்ரிக் வாளிக்குள் அடையாள அட்டை, காணி உறுதி, கடவுச்சீட்டுகள், அப்பா அம்மாவின் ஒரு கிழமை மருந்து, ரோச், பட்டரி வானொலி, சார்ஜ் ஏற்றிய பவர் பாங்க், தண்ணியில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்புப் பக்கற் கொஞ்சம் போட்டு இறுக்கி மூடி அலுமாரிக்கு மேலே வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. கிராம சேவகரின் இலக்கமும் சுவரில் இருக்கட்டும். இடம்பெயர வேண்டி வந்தால் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்று முதலே அவரிடம் கேட்டுவையுங்கள்.

வெயில் அக்காவின் பிள்ளைகளுக்கானது. யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே சூரியன் வருசத்தில் இரண்டு தரம் வரும். சித்திரை வருசப் பிறப்பை ஒட்டி ஒருமுறை, ஆவணி நடுப்பகுதியை ஒட்டி மறுமுறை. இரண்டாவது நல்லூர்த் திருவிழா நாட்களுக்குக் கிட்ட வந்துவிடும். குளிர் நாட்டிலிருந்து வந்த உடம்பு இந்தச் சூட்டுக்குப் பழக ஒன்று இரண்டு கிழமை எடுக்கும். ஆகவே வந்திறங்கிய அடுத்த நாளே பத்து மணி வெயிலில் வீதியில் நிறுத்தவேண்டாம். முதல் கிழமை விடியற்காலைப் பூசை, அல்லது பின்னேரத் திருவிழா. வீதி மணல் சுடும், வெறுங்கால் பழக்கமில்லாத பாதங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணி, மோர், இளநீர் கொடுங்கள். நிறுத்திய வானுக்குள் "ஐந்து நிமிசம் இருங்கோ, ஒருக்கா..." என்று பிள்ளைகளை விட்டுவிட்டு இறங்கக் கூடாது. அப்பாவும் அம்மாவும் பிரசருக்கு நீர் போகிற மாத்திரை எடுக்கிறவர்கள் என்றால், வெயில் காலத்தில் அளவு பற்றி டொக்டரிடம் ஒரு சொல் கேளுங்கள்.

தலைச்சுற்று, சத்தி, கெண்டைக்கால் பிடிப்பு வந்தால் நிழலில் படுக்கவைத்து ஜீவனி கரைத்துக் கொடுத்தால் தெளியும். ஆள் பிதற்றத் தொடங்கினால், உடம்பு நெருப்பாய்க் கொதித்தால் அது வேறு விசயம். அது காய்ச்சலில்லை, பனடோல் வேலை செய்யாது. 1990க்கு எடுத்துவிட்டு, அம்புலன்ஸ் வரும்வரை கிணத்துத் தண்ணியை உடம்பில் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தப்பியவரின் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது.

தை மாசிப் பனிக்கு உங்கள் ஆக்கள் நிற்கமாட்டார்கள், விட்டுவிடுகிறேன். ஆனால் மார்கழிக் காற்றில் பட்டம் கட்டாமல் பிள்ளைகளை வைத்திருக்க உங்களால் முடியாது. ஏற்றட்டும். மின்கம்பி இல்லாத வெளியில், நைலோன் நூலில், கம்பி சேர்க்காமல். கம்பியில் சிக்கின பட்டம் போன பட்டம். பெரிய பட்டத்தின் கயிற்றைப் பிடிக்கப் பிள்ளைகளை விடவேண்டாம். 2021இல் பருத்தித்துறைப் பக்கம் ஓர் இளைஞர் கயிற்றோடு மேலே போன வீடியோவை உலகமே பார்த்தது.

கடைசியாக, நீங்கள் "இன்னொன்று" என்று எழுதிய அந்தக் குதிவெடிப்பு. தங்கச்சி, கடிதத்தில் எனக்குக் கூடப் பயம் தந்தது மின்னலைவிட அதுதான். 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி ஆக்கள் இறந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். எலியின் மூத்திரம் கலந்த வயல் தண்ணியிலிருந்து கிருமி உள்ளே போக ஒரு சின்ன வெடிப்புப் போதும். வயலில் பூட்ஸ் புதையும் என்று அப்பா சொன்னால் அது நியாயம்தான். ஆகவே அதில் சண்டை பிடிக்காமல் வெடிப்பை மாற்றுங்கள். இரவில் காலைக் கழுவித் துடைத்து வஸ்லின் பூசி ஒரு பழைய மேசோடு (காலுறை) போட்டுவிடுங்கள். வயலில் இறங்குகிற காலத்தில் எலிக்காய்ச்சல் தடுப்புக்கு டொக்சிசைக்கிளின் மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் காசில்லாமல் கொடுப்பார்கள். அப்பாவின் மற்ற மருந்துத் துண்டையும் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். வயலில் இறங்கி ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் நோ, கண் சிவப்பு, மூத்திரம் குறைவு என்று ஏதாவது வந்தால், "நாளைக்குப் பாப்பம்" என்று அவர் சொல்வதைக் கேட்காமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். டெங்குவும் அதே காலத்தில்தான் வரும், ஆகவே பனடோலைத் தவிர வேறு நோக் குளிசை ஒன்றும் வேண்டாம். டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே முதல் சொல்லவேண்டியது: "அப்பா வயல் தண்ணிக்குள் வெறுங்காலோடு நின்றவர்."